வழக்கும் வெகுளியும் குளிர்த்தியும்: பழிவாங்கும் நாயகர் படங்களும் மட்டக்களப்பின் நீதிக் கதைமரபும்

தனக்கோ தன் சுற்றத்துக்கோ இழைக்கப்பட்ட கொடுமைக்கு அரசும் சட்டமும் பதில் தராதபோது, நாயகன் ஒருவன் தானே வழக்காளியாகவும் நீதிபதியாகவும் தண்டனையை நிறைவேற்றுபவனாகவும் மாறும் கதையமைப்பைக் கொண்ட திரைப்படமே தமிழில் பழிவாங்கும் படம் என வழங்கப்படுகிறது. பல பத்தாண்டுகளாகத் தமிழ்ச் சினிமாவின் வணிக முதுகெலும்பாக நிற்கும் இவ்வகையைப் பற்றிய விமர்சனங்கள், வன்முறை மிகுந்துவிட்டது என்று கண்டிப்பதிலோ சண்டைக் காட்சிகளின் திறத்தை மெச்சுவதிலோ பெரும்பாலும் முடிந்துவிடுகின்றன. அநீதி கண்டு மூண்ட சினம் தன் வேலையை முடித்தபின் எங்கே போகிறது என்னும் கேள்வி அவற்றில் அரிதாகவே எழுகிறது. மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் உள்ள ஊர்கள், சூரியன் எழும் கிழக்குக் கரையும் படும் மேற்குக் கரையுமாகிய அந்த இரு கரைகளின் கோயில் வெளிகளிலும் கூத்துக் களரிகளிலும், இக்கேள்வியைத் தலைமுறை தலைமுறையாக எழுப்பி, அதற்குச் சடங்கு வடிவில் ஒரு விடையையும் வைத்திருக்கின்றன. அவ்விடையை அளவுகோலாகக் கொண்டு தமிழின் நீதி நாடும் அதிரடிப் படங்களை மீள நோக்குவதே இக்கட்டுரையின் பணியாகும்.

சினத்தின் தோற்றுவாய்களைப் பொறுத்தவரையில் திரைப்படம் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், அதாவது உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படும் வகைகளை ஆராயும் இயல், வெகுளி பிறக்கும் நிலைக்களன்களாக உறுப்பறை, குடிகோள், அலை, கொலை என்னும் நான்கைக் கூறுகிறது. இவற்றை முறையே உடலுறுப்பைச் சிதைத்தல், குடியையும் சுற்றத்தையும் நலிவித்தல், அடித்தும் வைதும் அலைக்கழித்தல், உயிரைக் கொல்லுதல் எனப் பொருள் கொள்ளலாம். 1975இல் வெளிவந்த ‘ஷோலே’ என்னும் இந்திப் படத்தில் தாக்கூரின் இரு கைகளும் வெட்டப்படுவது முதலாவது வகை. 1989இன் ‘அபூர்வ சகோதரர்கள்’ படத்தில் கருவுற்ற தாய்க்கு நஞ்சு புகட்டப்பட்டதால் அப்பு குள்ளனாகப் பிறப்பது அவ்வகையின் இன்னும் கொடிய வடிவம். 1995இன் ‘பாட்ஷா’வில் மாணிக்கம் கட்டிவைத்து அடிக்கப்படுவது அலை, நண்பன் அன்வரின் மரணம் கொலை. திரைக்கதையாசிரியர் எவரும் தொல்காப்பியத்தைப் புரட்டிப் பார்த்து இவற்றை அமைத்திருக்க வேண்டியதில்லை. மனிதச் சினத்தின் வாசல்கள் இவ்வளவுதான் என்பதாலேயே கதைகள் மீண்டும் மீண்டும் இவற்றின் வழியே நுழைகின்றன.

தோற்றுவாய்கள் பொதுவாக இருக்க, முடிவில்தான் மரபுகள் பிரிகின்றன. மட்டக்களப்பு, அம்பாறைப் பகுதிகளில் காரைதீவு, தம்பிலுவில், களுவாஞ்சிக்குடி, செட்டிபாளையம், மகிழடித்தீவு முதலிய பல ஊர்களில் கண்ணகை அம்மன் கோயில்கள் உள்ளன. ஆண்டின் பெரும்பகுதி மூடிக்கிடக்கும் இக்கோயில்கள் வைகாசியில் கதவு திறத்தலுடன் விழாக் காண்கின்றன. கல்யாணக்கால் நடப்படுகிறது, கட்டாடியார் அல்லது கப்புகனார் எனப்படும் பூசகர் சடங்குகளை நடத்துகிறார், ‘கண்ணகி வழக்குரை’ ஏடு இரவுதோறும் பாடப்படுகிறது. சிலப்பதிகாரத்தின் கதையை ஈழத்து வாய்மொழி வளத்தோடு விரித்துக் கூறும் இந்நூலை, 1964இல் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ என்னும் நூலைத் தந்த வி.சீ. கந்தையா பதிப்பித்து அச்சேற்றினார். கடலோட்டு காதை முதலிய பகுதிகளில் கதை விரிந்து சென்று, பாண்டியன் அவையில் கண்ணகி நீதி கேட்கும் வழக்குரைத்த காதையில் உச்சம் பெறுகிறது. அங்கே அது நின்றுவிடவில்லை. அதற்குப் பின் குளிர்ச்சிக் காதை வருகிறது. விழாவும் வழக்கோடும் மதுரை எரிந்ததோடும் முடியாமல், குளிர்த்தி பாடி அம்மனைக் குளிரவைக்கும் சடங்கோடுதான் நிறைவெய்துகிறது.

குளிர்த்தி என்பது, நீதி கேட்டு நகரை எரித்த பின்னும் தணியாத அம்மனின் வெம்மையை நீராலும் வேப்பிலையாலும் பாடலாலும் தணிக்கும் சடங்காகும். இதன் பின்னணியில் உள்ள எண்ணம் ஆழமானது. அம்மனின் சினம் நியாயமானது என்பதில் அடியாருள் எவருக்கும் ஐயமில்லை. ஆயினும் நியாயமான சினமும் தணிக்கப்படாவிட்டால் வறட்சியாகவும் அம்மை நோயாகவும் ஊரின்மேல் இறங்கும் என்பது அவர்களின் நம்பிக்கை. சினம் கொண்டவளின் தனிச்சொத்தாக அச்சினம் கருதப்படுவதில்லை. அதை ஆற்றும் பொறுப்பு, அவளுக்குத் தீங்கே செய்யாத ஊரார் அனைவரின் தலையிலும் விழுகிறது. ஊர் இரு சேரிகளாகப் பிரிந்து, வளைந்த கொம்புகளை ஒன்றோடொன்று மாட்டி இழுக்கும் கொம்புமுறி விளையாட்டும் இதே நோக்கத்தோடு தொடர்புடையது. சிங்கள மக்களிடையே பத்தினித் தெய்வத்துக்காக நடைபெறும் அங்கெலிய இதன் உடன்பிறந்த வடிவம் என்பது, கணநாத் ஒபேசேகர 1984இல் வெளியிட்ட பத்தினி வழிபாடு பற்றிய பெருநூலால் நன்கு அறியப்பட்ட செய்தியாகும். பகை இங்கே விளையாட்டாக மாற்றப்பட்டு, கொம்பு முறிவதோடு தீர்ந்துபோகிறது.

கல்முனையை அடுத்த பாண்டிருப்பில் உள்ள திரௌபதை அம்மன் கோயில் இதற்கு இணையான இன்னொரு நீதிக் கதையின் களம். பாரதப் போரின் 18 நாட்களை ஒத்து 18 நாட்கள் நடைபெறும் விழாவில், பாண்டவர் வனவாசம் செல்லுதலும் அருச்சுனன் தவநிலையும் ஊர் வீதிகளிலேயே நிகழ்த்திக் காட்டப்பட்டு, இறுதியில் தீமிதிப்பு நடைபெறுகிறது. அவையில் இழிவுபடுத்தப்பட்டவள் விரித்த கூந்தலை முடியாமல் காத்திருக்கும் கதை, பழிவாங்கும் கதைகளுள் பழைமையும் கடுமையும் மிக்க ஒன்றாகும். ஆனால் விழாவின் உடல் உழைப்பெல்லாம் பகைவனைக் கொல்லும் தருணத்தைவிட, அதற்கு முந்திய நீண்ட காத்திருப்பின்மீதும் பிந்திய தீயின்மீதுமே செலவிடப்படுகிறது. தீயில் இறங்குவோர் வெற்றி பெற்றவர்களின் அடியார்களே. வென்றவர்களும் தீயைக் கடந்தாக வேண்டும்.

கூத்து மரபு மற்றொரு கூறினைச் சேர்க்கிறது. சி. மௌனகுருவின் ‘மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள்’ (1998) விரிவாக ஆராயும் வடமோடி, தென்மோடி என்னும் இருவகைக் கூத்துகளுள், வடமோடி பெரும்பாலும் பாரத, இராமாயணப் போர்க் கதைகளை எடுத்தாள்கிறது. அங்கே ஒவ்வொரு பாத்திரமும் களரிக்குள் நுழையும்போது தனக்குரிய வரவுப் பாடலோடும், கூத்தைப் பயிற்றும் ஆசானாகிய அண்ணாவியார் மத்தளத்தில் எழுப்பும் தாளக்கட்டோடும், தனக்குரிய ஆட்டத்தோடும் வருகிறது. துரியோதனனின் வரவு தருமனின் வரவுக்குக் கம்பீரத்தில் குறைந்ததன்று. சில கூத்துகளில் அதுவே ஆட்டத்திறத்தால் சபையோரை மிகுதியாகக் கவர்வதும் உண்டு. கரப்புடுப்பு எனப்படும் அகன்ற பாரமான உடையும் முடியும் தரித்த அரசன் வட்டக்களரியைச் சுற்றி ஆடி முடிக்கும்போது, அவன் செய்யப்போகும் அநீதிக்கு முன்பே அவனுடைய மனிதப் பெருமிதம் சபையில் பதிந்துவிடுகிறது. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு மேடையேற்றிய ‘இராவணேசன்’ இக்கூறினைத் துயர நாயகன் என்னும் எல்லைவரை வளர்த்தெடுத்தது. வீழ்த்தப்படுபவனும் வரவு பெறத் தகுதியுடையவன் என்னும் இந்த மரியாதையே, அவன் வீழும்போது கொண்டாட்டத்தோடு ஒரு கனத்தையும் உண்டாக்குகிறது. திரைப்பட வில்லனுக்கோ பல வேளைகளில் வெறும் சிரிப்பும் சுருட்டும் அடியாட்படையுமே தரப்படுகின்றன.

இந்த மரபுகளை மனத்திற்கொண்டு திரைப்பட வரலாற்றை அணுகும்போது, தமிழ்ச் சினிமா தொடக்கத்தில் சண்டையைவிட வழக்கையே பெரிதும் நம்பியது என்பது முதலில் புலப்படும். பி. கண்ணாம்பா நடித்து, இளங்கோவன் உரையாடல் எழுதிய ‘கண்ணகி’ (1942), விஜயகுமாரி நடித்து மு. கருணாநிதி எழுதிய ‘பூம்புகார்’ (1964) ஆகிய இரண்டிலும் அரசவையில் நிகழும் சொற்போரே படத்தின் உயிர். 1952இன் ‘பராசக்தி’யில் சீரழிந்த குடும்பத்தின் குறை முழுவதும் நீதிமன்றக் கூண்டிலிருந்து பேசப்படுகிறது. சொல் கேட்கப்படும், கேட்கப்பட்டால் அவை அசையும் என்ற நம்பிக்கை இக்காலப் படங்களில் உறுதியாக இருந்தது. எம்.ஜி.ஆர். படங்களிலும் நாயகனின் வாளும் சவுக்கும் தீயவனைத் திருத்தவோ அரசிடம் ஒப்படைக்கவோதான் பெரும்பாலும் பயன்பட்டன. நாயகனின் தனிப்பட்ட பகை பொதுநீதியின் எல்லையைத் தாண்டாமல் காக்கப்பட்டது.

1970களில் இந்த நம்பிக்கை உடைந்தது. இந்தியாவில் அவசரநிலைக் காலமும், நீளும் வழக்குகளும், காவல்துறையின்மீது வளர்ந்த வெறுப்பும் இதற்கான சூழலை அமைத்தன. அமெரிக்காவில் ‘டெத் விஷ்’ (1974) தொடக்கிவைத்த, சட்டத்தைக் கையிலெடுக்கும் நகரவாசியின் கதை, 1985இல் எஸ்.ஏ. சந்திரசேகரின் ‘நான் சிகப்பு மனிதன்’ வழியாகத் தமிழுக்கு வந்து சேர்ந்தது. அதற்கு முன்பே அவர் இயக்கிய ‘சட்டம் ஒரு இருட்டறை’ (1981), குடும்பத்தைக் கொன்றவர்களைச் சட்டத்தின் ஓட்டைகளைப் பயன்படுத்தியே தண்டிக்கும் நாயகனை நிறுவிவிட்டது. ‘ஷோலே’யின் முடிவு இந்த மாற்றத்தின் வரலாற்றுச் சாட்சியாகும்: தாக்கூர் தன் கைகளை வெட்டிய கொள்ளையன் கப்பரைத் தானே கொல்வதாக எடுக்கப்பட்ட இறுதிக்காட்சி, தணிக்கையின் வற்புறுத்தலால் காவல்துறை தலையிடுவதாக மாற்றப்பட்டது. மக்களின் சினம் தனியார் கைக்குப் போய்விடுவதை அரசு எவ்வளவு கவலையோடு நோக்கியது என்பதை இது காட்டுகிறது.

இப்படங்கள் கிழக்கிலங்கையில் பார்க்கப்பட்ட சூழல் தமிழகத்திலிருந்து வேறுபட்டது. 1979இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் நிறைவேற்றப்பட்டு, குற்றப்பத்திரம் இல்லாமலேயே ஒருவரை நீண்டகாலம் தடுத்துவைக்க வழி பிறந்த நாட்டில், ‘சட்டம் ஒரு இருட்டறை’ என்னும் தலைப்பு வசனமாக ஒலிக்காமல் நடப்பாகவே ஒலித்தது. மின்சாரம் துண்டிக்கப்பட்ட ஆண்டுகளில் தொலைக்காட்சிப் பெட்டி, வீடியோ டெக், ஜெனரேட்டர் மூன்றையும் வாடகைக்கு எடுத்து, விடியும்வரை மூன்று நான்கு படங்களைத் தொடர்ந்து பார்த்த ஊர்களுக்கு, தனியொருவன் முகாமையே தகர்த்து வெளியேறும் காட்சி எளிய பொழுதுபோக்காக மட்டும் இருந்திருக்க முடியாது. வெளியே எவராலும் செய்ய இயலாத ஒன்று திரையில் செய்யப்பட்டது. அந்த நிறைவின் மதிப்பைக் குறைத்துப் பேசுவது நேர்மையாகாது. இதே விடியும்வரையான விழிப்பு கூத்துக்கும் உரியது என்றாலும், கூத்தில் கொன்றவனும் கொல்லப்பட்டவனும் அடுத்த நாள் வயலில் ஒன்றாக வேலை செய்யும் அயலவர்கள். திரையின் நாயகனோ சினத்தை மூட்டிவிட்டு மறைந்துவிடுகிறான்.

1990களில் ‘பாட்ஷா’, ‘ஜென்டில்மேன்’ (1993), ‘இந்தியன்’ (1996) ஆகியவை பழிவாங்கும் நாயகனைத் தெய்வ நிலைக்கு உயர்த்தின. இவற்றின் கைவினைத் திறம் மறுக்கத்தக்கதன்று. குறிப்பாகப் ‘பாட்ஷா’வின் முதற்பாதி, அடக்கிவைத்த சினத்தின் வெப்பத்தைப் பார்வையாளரின் உடலில் ஏற்றும் வகையில் தமிழில் ஒப்பற்றது. ஆனால் அந்தப் படங்களில் நாயகன் குளிர்வதற்கு இடமில்லை. ‘இந்தியன்’ முடியும்போது நாயகன் சேனாபதி வெளிநாட்டிலிருந்து மீண்டும் வரப்போவதாக எச்சரிக்கிறார். சினம் நிரந்தரக் காவல் நிலையமாக நிறுவப்படுகிறது. 2020களில் ‘விக்ரம்’ (2022), ‘ஜெயிலர்’ (2023) முதலிய படங்கள், மகனின் பொருட்டுத் துப்பாக்கி ஏந்தும் முதிய தந்தையரை முன்னிறுத்தி இதே வாய்ப்பாட்டைத் தொடர்கின்றன. இவற்றில் உயிர்ச்சேதம் பெருகியிருக்கும் அளவுக்கு வழக்கு சுருங்கியிருக்கிறது.

இவ்வகையின் பெருங்குறை பெண்ணைப் பற்றியது. கண்ணகி தன் வழக்கைத் தானே பேசினாள். சிலம்பைத் தானே உடைத்தாள். திரௌபதி அவையில் தானே கேள்வி எழுப்பினாள். திரைப்படமோ பெண்ணுக்கு இழைக்கப்பட்ட கொடுமையைச் சினத்துக்கு எரிபொருளாக எடுத்துக்கொண்டு, பேசும் உரிமையையும் தண்டிக்கும் உரிமையையும் அண்ணனுக்கோ காதலனுக்கோ கணவனுக்கோ கொடுத்துவிட்டது. தங்கை வன்கொடுமைக்கு ஆளாகும் காட்சி 1980களில் ஏறத்தாழக் கட்டாயச் சடங்காகவே மாறியிருந்தது. அக்காட்சி முடிந்தபின் அத்தங்கைக்குப் படத்தில் வேலை இருந்ததில்லை. நித்திலன் சாமிநாதனின் ‘மகாராஜா’ (2024), குப்பைத் தொட்டி களவுபோனதாகக் காவல் நிலையத்தில் முறையிடும் தந்தையைக் கொண்டு உண்மையான வழக்கை மறைத்துவைத்து, இறுதியில் பாதிக்கப்பட்ட சிறுமியே குற்றவாளியை நேரில் கண்டு பேசும்படி செய்தது. எஞ்சிய வன்முறையைப் பற்றி மாறுபட்ட கருத்து இருக்கலாம். அந்த ஒரு காட்சியில் வழக்கு உரியவளிடம் திரும்பியது.

குளிர்த்தியின் தேவையை உணர்ந்த படங்கள் எண்ணிக்கையில் குறைவு. தரத்தில் அவையே முதல் வரிசையில் நிற்கின்றன. ‘தேவர் மகன்’ (1992) தன் நாயகனைக் கொலைக்குள் தள்ளியபின், அவனைக் காவலரிடம் ஒப்புக்கொடுக்கச் செய்து, வெட்டரிவாளைக் கீழே போட்டுப் பிள்ளைகளைப் படிக்கவைக்கும்படி ஊராரை வேண்டவும் வைத்தது. ஆயினும் அதற்கு முந்திய காட்சிகள் அவ்வரிவாளுக்கு ஏற்றிய அழகு, முடிவின் வேண்டுதலை வென்றுவிட்டது. மிஷ்கினின் ‘பிசாசு’ (2014) பழிவாங்கும் பேய்க்கதையைத் தலைகீழாக்கி, தன் சாவுக்குக் காரணமானவனையே காக்கும் ஆவியைக் காட்டியது. பூமணியின் ‘வெக்கை’ (1982) நாவலைத் தழுவிய வெற்றிமாறனின் ‘அசுரன்’ (2019) இன்னும் பொறுப்பானது. அண்ணனின் கொலைக்குப் பழிதீர்த்த சிறுவனை அழைத்துக்கொண்டு காட்டுக்குள் அலையும் தந்தை, தன் இளமையில் எரித்த தீயைப் பற்றி அவனிடம் சொல்கிறார். மகனின் சினம் தவறு என்று அவர் கூறுவதில்லை, அது அவனை விழுங்கிவிடாமல் காப்பதற்கே அவர் முழுப் படத்திலும் ஓடுகிறார்.

‘ஜெய் பீம்’ (2021) இவற்றுள் தனித்துக் குறிப்பிடத்தக்கது. நகைத் திருட்டு என்னும் பொய்க் குற்றச்சாட்டு, அரசின் காவலரால் கொல்லப்படும் கணவன், நீதி கேட்டு அவைக்கு வரும் மனைவி என்னும் அதன் எலும்புக்கூடு சிலம்பின் கதையேயாகும். ஆயினும் அது புனைவாகத் தொடங்கவில்லை. 1993இல் தமிழகத்தில் நிகழ்ந்த ராசாக்கண்ணுவின் காவல் மரணத்தையும், வழக்கறிஞர் சந்துரு நடத்திய ஆட்கொணர்வு மனுவையும் அடிப்படையாகக் கொண்டது. ஆட்கொணர்வு மனு என்பது, தடுத்துவைக்கப்பட்டவரை நீதிமன்றத்தின் முன் கொண்டுவந்து நிறுத்துமாறு கோரும் விண்ணப்பமாகும். படத்தில் அம்மனைவியாகிய செங்கேணி, வழக்கைக் கைவிடுவதற்காகத் தர முன்வரும் பணத்தை மறுத்துவிட்டு வெளியே நடக்கிறாள். சண்டைக் காட்சி ஏதுமில்லாமலே அதிரடிப் படத்துக்குரிய எழுச்சியைப் பார்வையாளர் உணரும் இடம் அதுவே. கொன்றவர்களைக் கொல்லும் காட்சியைப் படம் தேடவில்லை. அவை உண்மையை ஒப்புக்கொள்வதையே தேடியது.

இந்த வேறுபாடு வாவிக்கரையில் ஏட்டுச் செய்தியாக நிற்பதில்லை. 1990 ஆகஸ்ட் 3 அன்று காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் விடுதலைப் புலிகளால் கொல்லப்பட்டனர். அதே ஆண்டு செப்டெம்பர் 9 அன்று சத்துருக்கொண்டானில் தமிழ்க் கிராமத்தவர் இராணுவத்தினரால் கொல்லப்பட்டனர். இடையிலும் பின்னும் தமிழ், முஸ்லிம் ஊர்களில் பழிக்குப் பழியாக உயிர்கள் பறிக்கப்பட்டன. பழி தன்னைத் தீங்கிழைத்தவனோடு நிறுத்திக்கொள்ளும் என்னும் திரைப்பட உறுதிமொழியை அந்த ஆண்டு முற்றாகப் பொய்யாக்கியது. கண்ணகை அம்மன் கோயில் கொண்ட மகிழடித்தீவில் 1991 ஜூன் 12 அன்று நிகழ்ந்த படுகொலைகளை ஆராயச் சனாதிபதி விசாரணை ஆணைக்குழு அமைக்கப்பட்டது. காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் அக்காலத்தில் அம்மன் கோயில்களில் தெய்வமாடுவோரிடம் தம் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டதை மானிடவியலாளர் பற்றீசியா லோறன்ஸ் ஆராய்ந்து எழுதியுள்ளார். அரசவையில் கேட்கப்படாத வழக்கு தெய்வத்தின் முன் சென்றது.

இங்கேதான் குளிர்த்தியைப் பற்றிய ஒரு தவறான புரிதலைத் தவிர்க்க வேண்டியுள்ளது. அது மன்னிப்பும் அன்று, மறதியும் அன்று. வழக்குரைத்த காதையில் பாண்டியன் தன் தவற்றை ஒப்புக்கொண்டு உயிர் விடுகிறான். அதன் பின்னரே ஊரார் அம்மனைக் குளிரவைக்க முற்படுகின்றனர். கி.மு. 458இல் ஏதென்ஸ் நகரில் அரங்கேறிய எஸ்கிலசின் ‘ஒரெஸ்தியா’ நாடகத் தொகுதியிலும் இதே வரிசை காணப்படுகிறது: தாய்க்கொலைக்குப் பழி கேட்டுத் துரத்தும் சினத் தெய்வங்களுக்கு முதலில் ஒரு நீதிமன்றம் கிடைக்கிறது, அதன் பின்னரே அவை ஊரில் இருப்பிடமும் வழிபாடும் தரப்பட்டு அருள் தெய்வங்களாகின்றன. வழக்குக் கேட்கப்படாத இடத்தில் குளிர்ச்சியை மட்டும் வேண்டுவோர், ஏட்டின் கடைசிப் பகுதியைப் பிடுங்கி முதலில் படிக்கின்றனர்.

ஈழத்துப் போராளியை நாயகனாக்கி உலக அரங்கில் பெரும்புகழ் பெற்ற படத்தின் குறையும் இந்த வரிசைப் பிழையே. 2015இல் கான் விழாவின் தங்கப் பனை விருதை வென்ற பிரெஞ்சு இயக்குநர் ழாக் ஓதியாரின் ‘தீபன்’, எழுத்தாளர் ஷோபாசக்தி என அறியப்படும் அந்தோனிதாசன் யேசுதாசனின் நடிப்பால் தாங்கி நிற்கிறது. இறந்த ஒருவரின் கடவுச்சீட்டில் பிரான்சுக்கு வரும் முன்னாள் போராளி, அகதித் தஞ்ச விசாரணையில் புனைந்த கதையொன்றைச் சொல்கிறான். மொழிபெயர்ப்பாளரோ அதற்குப் பதிலாக வேறு கதை சொல்லுமாறு அவனுக்கு ஆலோசனை கூறுகிறார். அந்த மேசையின் முன் அமர்ந்திருப்பவனுக்கு மனைவியும் பிள்ளைகளும் இறந்த உண்மையான வழக்கு ஒன்று உண்டு. அதைக் கேட்கும் அவை எதுவும் படத்தில் வருவதில்லை. பிறகு பாரிஸ் புறநகர் மாடிப்படிகளில், புகையினூடாகத் துப்பாக்கியோடு ஏறும் அதிரடி நாயகனாக அவன் மாற்றப்படுகிறான். உடனே இங்கிலாந்தின் வெயில் படர்ந்த தோட்டத்தில் குடும்பத்தோடு காட்டப்படுகிறான். அந்த இறுதிக்காட்சி கனவா நனவா என்று பார்வையாளர் பலர் ஐயுற்றதற்குக் காரணம், சொல்லப்படாத வழக்கின்மேல் பூசப்பட்ட அந்தத் தண்மையை நம்புவதற்குப் படம் எந்த ஆதாரத்தையும் தராததேயாகும்.